பச்சை எரிபொருளில் கப்பல் ஓடினால் அழுக்கு எங்கே போகிறது? தூத்துக்குடிக் கடலை மதுரையிலிருந்து கவனிப்போருக்கு முழு வழிகாட்டி

என் அக்கா மகன் ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். சாயங்காலம் மதுரையில் கிளம்பினால் திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர் என்று கடை கடையாக நின்று, பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை டின் டின்னாக வாங்கிக்கொண்டு ராத்திரி திரும்புவான். எண்ணெய் பரோட்டா ஊரான விருதுநகரில்தான் அவனுக்குச் சரக்கு அதிகம். ஒருநாள் வந்து ஒரு கட்டுத் தாளை நீட்டினான்.

"மாமா, நம்ம பரோட்டாக் கடை எண்ணெய்ல கப்பல் ஓட்டப்போறாங்களாம். எங்கிட்ட எண்ணெய் வாங்குறவங்க, கடைக்காரங்ககிட்ட இதுல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்றாங்க. எடை எழுதுற கட்டத்தை மட்டும் விட்ரணுமாம். அதை அவங்களே எழுதிக்கிருவாங்களாம்."

பதினான்கு வருடம் கப்பல் இன்ஜின் அறையில் குப்பை கொட்டியவன் நான். பர்னஸ் ஆயிலின் நாற்றம் சட்டையை விட்டுப் போகவே இல்லை என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். அந்த எண்ணெயின் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு: புகைபோக்கியில் கரும்புகை, கடலில் கறுப்புப் படலம். அம்மோனியா, மெத்தனால், திரவ எரிவாயு, பயோடீசல், ஹைட்ரஜன் என்று மாற்று எரிபொருள் வந்தால் அது ஒழிந்துவிடும் என்பது பேச்சு. பாதி உண்மை. மீதி அழுக்கு இடம் மாறுகிறது. எடை எழுதாத கட்டத்துக்குள்கூடப் போய் ஒளிந்துகொள்கிறது. சட்டமோ இன்னும் கறுப்பு எண்ணெயையே மனதில் வைத்து நிற்கிறது. புதிய எரிபொருள் திட்டம் எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அழுக்கு எங்கே நகர்ந்தது, அதை எந்தச் சட்டம் பிடிக்கும் என்று தேட ஒரு முறை வேண்டும். ஏற்றுமதிக்காரர், உலகனேரி நீதிமன்றத்து வக்கீல், கடல்சார் படிப்புப் பிள்ளைகள், தருவைகுளம், வேம்பார் மீனவர் என எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: பெயரைக் கேட்காதீர்கள், பிறப்பைக் கேளுங்கள்

ஒரு குப்பி அம்மோனியாவை எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும், அது வெயிலில் பிறந்ததா நிலக்கரியில் பிறந்ததா என்று சொல்ல முடியாது. மூலக்கூறு ஒன்றுதான். இன்று உலகில் தயாராகும் அம்மோனியாவில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து வருவது. ஆகவே 'பசுமை' என்பது பொருளின் குணமல்ல, அதன் கூட வரும் காகிதத்தின் குணம்.

இந்தியாவில் அந்தக் காகிதத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2023 ஆகஸ்டில் வரையறுத்தபடி, அம்மோனியாவுக்கு மூலப்பொருளான ஹைட்ரஜனை ஒரு கிலோ தயாரிக்க 2 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு சமமான வாயு வெளிவரக் கூடாது. பன்னிரண்டு மாதச் சராசரி. திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் தேட வேண்டியது இந்த எண்ணையும் அதைச் சரிபார்த்தவர் யார் என்பதையும்தான்.

அறிவிப்புகளின் பரிமாணத்தையும் பாருங்கள். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கனமீட்டர் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் மாதிரி ஆலை திறக்கப்பட்டது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. எடையில் மணிக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் ஏற்றவும் அது போதும், கப்பலுக்கு அல்ல. அதே சமயத்தில் அடிக்கல் நாட்டிய 750 கனமீட்டர் பசுமை மெத்தனால் நிரப்பு நிலையம் வேறு ரகம். அது நிஜமாகவே கப்பலுக்கானது. துறைமுக நிலத்தில் பசுமை அம்மோனியா ஆலைகளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் கவனம் போக வேண்டியது அங்கே.

பழைய எண்ணெய்க்கு வருவோம். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதைத் தடுக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் ஒரு வரம்பு வைத்தது: காய்ச்சிய எண்ணெயில் சேரும் துருவப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடை கணக்கு எழுதி, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இதுவரை நல்ல விஷயம்.

சிக்கல் ஐரோப்பாவில் தொடங்குகிறது. அங்கே 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கப்பல் எரிபொருள் விதி, உணவுப் பயிரில் எடுத்த எண்ணெயைப் புதைபடிவ எரிபொருளுக்குச் சமமாகவே வைக்கிறது. காடழித்துப் பனை நடுவதை ஊக்குவிக்கக் கூடாது என்பது காரணம். பொரித்துக் கழித்த எண்ணெய் போன்ற கழிவுக்கோ முழு மதிப்பு. கழிவுக்குப் புதுசை விட விலை ஏறினால் என்ன நடக்கும் என்று நம் ஊர் மளிகைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுப் பாமாயிலைக் கொஞ்சம் கறுக்க வைத்துக் கழிவுக் கணக்கில் எழுதலாம். அதற்குத் தேவை, கையெழுத்து இருந்து எடை இல்லாத தாள்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு டின் எண்ணெய் வாங்கும் கடை மூன்று டின் கழிவெண்ணெய் கொடுத்ததாகத் தாள் சொன்னால் பொய். பரோட்டா குடித்த எண்ணெய் போக மீதிதான் கழிவு. "எடையைக் கடை வாசல்லயே எழுது, தராசு எண்ணோட போட்டோ எடு" என்றேன். "அப்படின்னா அவங்க சரக்கு எடுக்க மாட்டாங்களே மாமா" என்றான். எடுக்கத்தான் இல்லை. இரண்டு வாரம் டின்கள் வீட்டு வாசலில் கிடந்தன, அக்காவிடம் திட்டு வாங்கியது நான்.

படி 2: கணக்கைப் புகைபோக்கியில் தொடங்காதீர்கள்

முன்னாலேயே ஒரு பாடம் நடந்திருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.50 சதவீதத்தில் இருந்து 0.50 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ விதித்தது. நல்ல விதி, துறைமுக ஊர்களின் நுரையீரலுக்கு நல்லது செய்த விதி. ஆனால் பல முதலாளிகள் எண்ணெயை மாற்றாமல், புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் கருவியை மாட்டினார்கள். அதில் ஒரு வகை, புகையைக் கடல்நீரால் கழுவி அந்தத் தண்ணீரைக் கடலிலேயே விடும். காற்றில் போன அழுக்கு தண்ணீருக்குப் போனது. சிங்கப்பூர் போன்ற துறைமுகங்கள் தங்கள் எல்லைக்குள் அதைத் தடை செய்ய வேண்டி வந்தது.

எல்என்ஜியிலும் அதே கதை, இன்னும் நுட்பமாக. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய எரிவாயு எரியும்போது கார்பன் டை ஆக்சைடு நாலில் ஒரு பங்குவரை குறையும், கந்தகம் ஏறக்குறைய இல்லை. ஆனால் சில இன்ஜின்களில் கொஞ்சம் மீத்தேன் எரியாமலே புகைபோக்கி வழியாக நழுவுகிறது. ஐரோப்பிய விதி நடுவேக இரட்டை எரிபொருள் இன்ஜினுக்கு 3.1 சதவீதம் நழுவுவதாகக் கணக்கு வைக்கிறது. உயரழுத்தத்தில் எரிவாயுவைப் பீய்ச்சும் மெதுவேகப் பெரிய இன்ஜினுக்கு 0.2 சதவீதம்தான்.

கையால் போட்டுப் பாருங்கள். ஒரு டன் எல்என்ஜி எரித்தால் ஏறத்தாழ 2.7 டன் கார்பன் டை ஆக்சைடு. மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விடப் பல மடங்கு சூடேற்றும் என்பதால், நழுவிய 31 கிலோவை நூறாண்டுக் கணக்கில் முப்பதால் பெருக்கினால் இன்னும் 0.9 டன் கூடுகிறது. இருபதாண்டுக் கணக்கில் பெருக்கும் எண் எண்பதுக்கு மேல். அப்போது கூடுவது 2.5 டன். எரித்ததற்குச் சமமாக நழுவியதும் வந்து நிற்கிறது. ஆகவே "எல்என்ஜி கப்பல்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், "எந்த இன்ஜின்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

அம்மோனியாவில் கார்பனே இல்லை. ஆனால் சரியாக எரியாவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வரும். அதில் ஒரு கிலோ 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கொஞ்சம் வந்தாலே மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

புகைபோக்கிக்குப் பின்னால் போனால் தண்ணீர் நிற்கிறது. ஒரு டன் அம்மோனியாவில் 176 கிலோ ஹைட்ரஜன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீர். ஆக டன்னுக்கு 1,600 லிட்டர், குளிர்விக்கும் தண்ணீர் தனி. மின்சாரம் சுமார் 10,000 யூனிட். ஸ்ரீவைகுண்டம் அணையில் இருந்து ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவது பசுமைத் தீர்ப்பாயம்வரை போன சண்டை என்பது தெற்கத்தி விவசாயி யாருக்கும் தெரியும். கடல்நீரைக் குடிநீராக்கி எடுக்கிறோம் என்றால், வெளியேற்றும் உப்புக் கழிவு எந்த ஆழத்தில், எந்த நீரோட்டத்தில் விழுகிறது என்று கேளுங்கள். மின்சாரத்துக்குக் கமுதியின் 648 மெகாவாட் சூரியத் தகடுகளைக் காட்டினால், ராத்திரி ஆலை எதில் ஓடும் என்று கேளுங்கள்.

படி 3: சிந்தினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோது, இளைஞர்கள் வாளி வாளியாகக் கையால் அள்ளியதை எல்லோரும் பார்த்தோம். வெட்கக்கேடுதான். ஆனாலும் அள்ள முடிந்தது. 2020 ஜூலையில் மொரீஷியசின் பவளப்பாறையில் ஏறிய ஒரு கப்பலில் இருந்து சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கொட்டியது. அங்கே கரும்புச் சோகையில் மிதவை கட்டித் தடுத்தார்கள். எண்ணெய் மிதக்கும், ஒட்டும், தெரியும். புதிய எரிபொருட்கள் அப்படி இல்லை.

நம் பக்கத்துக் கடலை நினைவில் வையுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. பவளம், கடற்புல், ஆவுளியா என்னும் கடற்பசு, சங்கு. தண்ணீர் ஆழமில்லை, வெதுவெதுப்பு அதிகம்.

அந்த வெதுவெதுப்பில்தான் அம்மோனியாவின் ஆபத்து கூடுகிறது. தண்ணீரில் கரைந்த அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அவ்வளவு கொல்லாது. மற்றது அப்படியே அம்மோனியா, மீனின் செவுள் வழியாக நேரே ரத்தத்தில் ஏறும். காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட இரண்டாவது வடிவத்தின் பங்கு ஏறும். கடல்நீர் இயல்பிலேயே காரம். குளிர்கடல் நாட்டுக்காரர் எழுதிய ஆபத்து மதிப்பீட்டை அப்படியே எடுத்து இங்கே ஒட்டினால் அது குறைத்த கணக்கு. அறிக்கையில் எந்த வெப்பநிலைக்குக் கணக்கிட்டார்கள் என்று தேடிப் பாருங்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் ஓர் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடு மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவில், காற்றில் கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 2,090. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49. கப்பலில் எரிபொருளாக ஏற்றும்போது இதே பொருள், ஆடும் மேடையில், குழாய் மாட்டிக் கழற்றி. எண்ணெயின் பாதி ஆற்றலும் இல்லாததால் அதே தூரத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு கொள்ளளவு வேண்டும். தொட்டி சிறிதென்றால் நிரப்பும் தடவை கூடும். கசிவுகளில் கணிசமானவை நிரப்பும்போதுதான் நடக்கும்.

ஒரு நல்ல குணம் உண்டு: காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்கு, அதாவது 5 பிபிஎம் அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். 300 பிபிஎம் உயிருக்கே உடனடி ஆபத்து. காற்றை விட லேசான வாயுதான், மேலே போய்விடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். மைனஸ் 33 டிகிரிக் குளிரில் கொட்டும்போது ஈரத்தை இழுத்துக்கொண்டு வெள்ளைப் பனியாகத் தரையோடு தவழும். மேற்கே இருந்து கச்சான் அடித்தால் கடலுக்குப் போகும்; கிழக்கே இருந்து கொண்டல் அடித்தால் ஊருக்குள் வரும்.

மெத்தனால் நமக்குப் புதுப் பெயர் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிரைக் குடித்தது இதே பொருள். கடலில் சிந்தினால் மற்றவற்றை விடச் சாது: தண்ணீரோடு முழுதாகக் கலந்து, நுண்ணுயிர் சில நாளில் தின்று தீர்த்துவிடும். கடலுக்கு மட்டும் என்றால் என் ஓட்டு மெத்தனாலுக்கே. ஆபத்து மனிதனுக்குத்தான். 12 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி கிளம்பும். தூத்துக்குடியில் 12 டிகிரிக்குக் கீழே என்றைக்கு இறங்கியது? பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. டின்னில் அள்ளி விற்கக் கூடிய திரவம் வேறு. சிந்தும் ஆபத்தை விடத் திருட்டுப்போகும் ஆபத்தைக் காவல் துறை யோசிக்க வேண்டும்.

பயோடீசல் பாவம், எல்லோரும் அதை நல்ல பிள்ளை என்பார்கள். ஒரு கப்பலில், எந்தக் கப்பல் என்பது வேண்டாம், ஜெனரேட்டருக்குக் கலவை எண்ணெய் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அழுத்தம் இறங்கியது. பில்டரைக் கழற்றினால் உள்ளே ஆறிப்போன கேழ்வரகுக் கூழ் மாதிரிப் பழுப்பாக ஏதோ. பழைய தொட்டியின் அடியில் படிந்த சகதியைப் புது எண்ணெய் கரைத்துக் கிளப்பியிருக்கிறது. ஈரத்தை இழுத்து அதில் பூஞ்சையும் வளர்ந்திருக்கிறது. விடியும்வரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பில்டர் மாற்றினோம். நடுக்கடலில் அது வெறும் தூக்கக்கேடு. தீவுகளை ஒட்டிய வழியில் இன்ஜின் நின்றால் கப்பல் பவளத்தின் மேல் ஏறும். சிந்தினால் மக்கும் என்று சொல்லும் அறிக்கைகள் இந்தப் பில்டரைப் பற்றிப் பேசுவதில்லை.

ஹைட்ரஜன் கடலைக் கெடுக்காது, தீதான் பயம். மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டிய பொருளைத் தூரக் கப்பலுக்கு நம்பி ஏற்றும் நாள் பக்கத்தில் இல்லை. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் கொடியசைத்த ஹைட்ரஜன் படகும் ஆற்றில் ஓடுவதற்கானதுதான்.

படி 4: சட்டத்தை அடுக்கடுக்காகப் பிரியுங்கள்

மேல் அடுக்கு ஐஎம்ஓ. அதன் மார்போல் உடன்படிக்கையில் முதல் இணைப்பு எண்ணெய்க்கு, இரண்டாவது ரசாயனத் திரவங்களுக்கு, ஆறாவது காற்று மாசுக்கு. எந்த எரிபொருள் எந்த இணைப்பில் விழுகிறது என்பதிலேயே வியாபாரம் தலைகீழாகும். உதாரணத்துக்குச் சிங்கப்பூரில் ஏன் 24 சதவீதப் பயோ எண்ணெய்க் கலவை பிரபலமானது என்று பல பேர் யோசிப்பதில்லை. 25 சதவீதத்துக்கு மேல் பயோ எண்ணெய் கலந்தால் அது அப்போது ரசாயனச் சரக்கு. சாதாரண எண்ணெய்ப் படகு தூக்கக் கூடாது என்றிருந்தது. அதனால் ஒரு சதவீதம் விட்டு நின்றார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 30 ஆனது.

பாதுகாப்புக்கு ஐஜிஎஃப் விதித்தொகுப்பு, 2017 ஜனவரி முதல். 60 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் எரிபொருளுக்கு இரட்டைச் சுவர்க் குழாய், வாயு உணரி, தனிக் காற்றோட்டம். ஆனால் அதன் விரிவான பகுதிகள் எரிவாயுவை வைத்து எழுதியவை. மெத்தனாலுக்கு 2020-லும் அம்மோனியாவுக்கு 2024 டிசம்பரிலும் வந்தவை இடைக்கால வழிகாட்டுதல்கள். 'இடைக்கால' என்ற சொல்லை வக்கீல்கள் அடிக்கோடிட வேண்டும். கப்பலைப் பதிவு செய்த கொடிநாடு ஏற்றால்தான் கட்டுப்பாடு.

காலநிலைக்கு, 2023 ஜூலையில் ஏற்ற இலக்கு: 2050 வாக்கில் நிகர பூஜ்யம், 2030-க்குள் எரிசக்தியில் குறைந்தது 5 சதவீதம் பூஜ்யத்துக்கு நெருங்கிய எரிபொருள். இதை ஊற்றில் இருந்து புகைபோக்கிவரை கணக்கிட்டு, மீறினால் டன்னுக்கு 100 டாலர், 380 டாலர் என்று இரண்டு படியில் கட்டணம் வாங்கும் ஏற்பாட்டுக்கு 2025 ஏப்ரலில் 63 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. இந்தியாவும் அதில் உண்டு. 16 நாடுகள் எதிர்த்தன. அக்டோபரில் இறுதி செய்யக் கூடியபோது, 57-க்கு 49 என்ற வாக்கில் ஓராண்டு தள்ளிவைத்துவிட்டார்கள். கப்பல் ஆர்டர் கொடுக்கலாமா என்று பேனாவைத் திறந்தவர்கள் மூடி வைத்தார்கள்.

நம் நாட்டு அடுக்கு 2025-ல் மொத்தமாக மாறியது. 1958-ன் வணிகக் கப்பல் சட்டத்துக்கும் 1908-ன் துறைமுகச் சட்டத்துக்கும் பதிலாகப் புதுச் சட்டங்கள் நிறைவேறின. பழைய பிரிவு எண்ணை வைத்து மனு எழுதாதீர்கள். நடைமுறையில் கப்பலுக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், சிலிண்டருக்கும் எரிபொருள் கிடங்குக்கும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ, எண்ணெய்க் கசிவுக்குக் கடலோரக் காவல்படை. மெத்தனாலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு கூடுதல் வாசல்: 1959-ன் விதிகளின்படி அதை வைத்திருக்கவும் கொண்டுபோகவும் மதுவிலக்குத் துறையின் உரிமம். பசுமை எரிபொருள் கோப்பு சாராயக் கோப்போடு ஒரே மேசையில் கிடப்பதை நினைத்தால் சிரிப்பு வரும். கள்ளக்குறிச்சியை நினைத்தால் வராது.

படி 5: ஏற்றுமதிக்காரர் ஐரோப்பாக் கணக்கைத் தானே போடட்டும்

மேலூர்க் கிரானைட்டோ சிவகாசி நோட்டுப் புத்தகமோ, தூத்துக்குடியில் ஏறும் பெட்டிகள் பல கொழும்பில் தாய்க்கப்பல் மாறுகின்றன. உமிழ்வுக்கு டன் கணக்கில் அனுமதிச்சீட்டு வாங்கச் சொல்லும் ஐரோப்பிய விதி தூத்துக்குடி–கொழும்பு ஓட்டத்துக்கு இல்லை. கொழும்பில் இருந்து நேரே ராட்டர்டாம் போகும் ஓட்டத்தில் பாதி உமிழ்வு கணக்கில் வரும். அந்த வழியில் கப்பல் ஆயிரம் டன் கனரக எண்ணெய் எரித்தது என்று வைப்போம். ஒரு டன்னுக்கு 3.114 டன் வீதம் 3,114 டன் கார்பன் டை ஆக்சைடு, பாதி 1,557. 2024-ன் உமிழ்வில் 40 சதவீதத்துக்கு மட்டும் அனுமதிச்சீட்டு வாங்கினால் போதுமாக இருந்தது, 2025-க்கு 70, 2026 முதல் முழுதும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அப்போது சேர்கின்றன. இந்த எண்ணை அன்றைய சீட்டு விலையால் பெருக்கிக் கப்பலின் பெட்டி எண்ணிக்கையால் வகுத்தால், உங்கள் பில்லில் 'சுற்றுச்சூழல் கட்டணம்' என்று வந்த தொகை நியாயமா என்று தெரியும். வகுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், பேச்சே மாறும்.

முதல் படியில் பார்த்த ஐரோப்பிய எரிபொருள் விதி தனி. எரிசக்தி ஒரு மெகாஜூலுக்கு 91.16 கிராம் கார்பன் டை ஆக்சைடு சமமான வாயு என்ற அடிப்படையில் இருந்து 2025-ல் 2 சதவீதம், 2030-ல் 6, கடைசியில் 2050-ல் 80 சதவீதம் குறைய வேண்டும். மீதியைக் கப்பல் கம்பெனி பார்த்துக்கொள்ளும். உங்களுக்குப் பயோ எண்ணெயில் ஏற்றினோம் என்று சான்றிதழ் விற்க வந்தால், எரிபொருள் ஒப்படைப்புக் குறிப்பின் நகல் கேளுங்கள். அது கப்பலில் மூன்று ஆண்டு இருந்தாக வேண்டிய ஆவணம்.

படி 6: கரையில் உள்ள அனுமதிகளில் ஓட்டை எங்கே

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய ஆலை என்றால் மக்கள் கருத்துக்கேட்பு நடக்கும், தமிழில் சுருக்கம் கொடுக்க வேண்டும், முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆனால் பசுமை ஹைட்ரஜன், பசுமை அம்மோனியா ஆலைகளுக்கு அந்த முன் அனுமதியில் இருந்து மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. முன் அனுமதி இல்லையென்றால் கருத்துக்கேட்பும் இல்லை. காலநிலைக்கு நல்லது என்பதால் பக்கத்து ஊருக்கும் நல்லது என்று எடுத்துக்கொண்டார்கள். இது தவறு என்பது என் கருத்து. எப்படிப் பிறந்தாலும் அம்மோனியா அம்மோனியாதான் என்று முதல் படியிலேயே பார்த்தோம்.

விலக்கு மற்றச் சட்டங்களைத் தொடாது. நீர்ச் சட்டம், காற்றுச் சட்டத்தின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி எல்லாம் உண்டு. கருத்துக்கேட்பு இல்லாத இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு, 1989-ன் அபாயகரமான ரசாயன விதிகள். ஆபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆலைக்காரர் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுவில் அந்தத் திட்டத்தின் நகல், கடைசி ஒத்திகை நடந்த தேதி, எந்தக் காற்றுத் திசைக்கு ஒத்திகை பார்த்தார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

படி 7: விபத்து நடந்தால் பணம் யார் தருவார்

பர்னஸ் ஆயில் சிந்தினால் பாதை தெளிவு. 2001-ன் பங்கர் உடன்படிக்கைப்படி ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் கட்டாயக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் நேரே காப்பீட்டாளரிடமே கேட்கலாம். ஆனால் அந்த உடன்படிக்கை 'எண்ணெய்' என்பதை ஹைட்ரோகார்பன் கனிம எண்ணெய் என்று வரையறுக்கிறது. அம்மோனியாவில் கார்பனே இல்லை. மெத்தனால் ஆல்கஹால். பரோட்டாக் கடை எண்ணெய் கனிமம் இல்லை. ஆபத்தான சரக்குகளுக்கென்று எழுதிய இன்னோர் உடன்படிக்கையோ சரக்காக ஏற்றியதைத்தான் பிடிக்கும். கப்பல் தன் வயிற்றில் ஊற்றிய எரிபொருளை அல்ல. நடுவில் விழுந்த இந்த ஓட்டையை ஐஎம்ஓவின் சட்டக் குழு எடுத்துப் பேசத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவே.

அதுவரை நம் கையில் இருப்பது நம் சட்டம்தான், அது ஒன்றும் இளைத்ததல்ல. ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் செய்பவர் தவறு செய்தாலும் செய்யாவிட்டாலும் பொறுப்பு என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற தீர்ப்பு 1996-ல் நம் வேலூர்த் தோல் பதனிடும் ஆலை வழக்கில் வந்தது. 2011-ல் மும்பைக்கு அருகே மூழ்கிய நிலக்கரிக் கப்பலுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. எரிபொருளின் வரையறை அங்கே தடையில்லை. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில். இழப்பீட்டு மனுவுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். மற்றச் சுற்றுச்சூழல் வழக்குக்கு ஆறே மாதம், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

சம்பவத்தன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கடலில் என்றால் 1554, கடலோரக் காவல்படை. நேரம், இடத்தின் ஜிபிஎஸ் எண், காற்றின் திசை மூன்றையும் உடனே எழுதுங்கள். மெத்தனாலும் அம்மோனியாவும் போட்டோவில் தெரியாது. தண்ணீர் எடுத்தால் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, காற்றிடம் விடாமல் மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். பாதி பாட்டில் எடுத்தால் அம்மோனியா ஆவியாகிப் போய்விடும். உங்கள் மாதிரி விசாரணையைத் தூண்டத்தான் உதவும். வாரியம் எடுக்கும் மாதிரிதான் வழக்கில் நிற்கும், ஆகவே அவர்களை அன்றே வரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

தொழில் போன நஷ்டத்தைக் காட்ட, 'ஒரு நாளைக்கு இவ்வளவு பிடிப்பேன்' என்று வாய்ப்பேச்சு எடுபடாது. படகுக்குப் போட்ட டீசல் சீட்டு, ஐஸ் பில், ஏலக்காரர் எழுதித்தரும் துண்டுச் சீட்டு ஆகியவற்றைச் சம்பவத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்காவது சேர்த்து வையுங்கள். ஏலச் சீட்டில் எடை எழுதும் இடம் காலியாக இருந்தால், வாங்கும்போதே எழுதச் சொல்லுங்கள்.